வாசகர் கேள்வி – பதில்: இரண்டாம் சுற்றில் எடுத்த பிள்ளைக்கு இன்னும் இடம் உண்டா?

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் மூத்த மகள் கல்யாணமாகிக் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில் குடியிருக்கிறாள். அங்கே ஐஸ் ஹாக்கி ஆடும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் வேறு ஊர் அணிக்கு ஆட வந்தால், அந்த ஊர்க் குடும்பங்கள் தம் வீட்டில் வைத்துச் சோறு போட்டு வளர்ப்பது வழக்கமாம். அப்படி ஒரு வெள்ளைக்காரப் பையன் மூன்று வருடம் என் மகள் வீட்டில் இருந்தான். நான் போயிருந்தபோது என் கையால் வைத்த டர்பன் மட்டன் கறியைக் கண்ணில் நீர் வழிய வழியத் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டுவான். என்னை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவான். பதினெட்டு வயதில், என்.எச்.எல். என்கிற அங்கத்திய பெரிய ஐஸ் ஹாக்கிப் போட்டியின் டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் ஓர் அணி அவனை எடுத்தது. இங்கே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் பாயசம் வைத்தோம். இப்போது அவனுக்கு இருபத்தொன்று. ஒப்பந்தம் போட்டும் பெரிய அணியில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்குக் கீழே உள்ள ஏ.எச்.எல். அணியில் இது இரண்டாம் வருடம். போன வருடம் 11 கோல், இந்த வருடம் 34 ஆட்டத்தில் 4 கோல். செப்டம்பர் பயிற்சி முகாமில் முதல் கழிப்பிலேயே கீழே அனுப்பினார்கள். நவம்பரில் ஐந்து ஆட்டம் வெளியே உட்காரவைத்தார்கள். கோலை நோக்கி 80 தடவைக்கு மேல் அடித்திருக்கிறான், டிசம்பரிலிருந்து அணியில் ஓர் ஆள் குறையும்போது தடுத்து ஆட இவனை இறக்குகிறார்கள் என்று மகள் சொல்கிறாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து கைப்பேசியில் ஸ்கோர் பார்க்கிறேன். ஐரோப்பாவுக்குப் போய்விடவா என்று அவன் மகளிடம் கேட்கிறானாம். இவனுக்கு இன்னும் வழி இருக்கிறதா, இல்லையா?
— சாட்ஸ்வொர்த் வாசகி ஒருவர்

பதில்: அம்மா, வழி இருக்கிறது. ஆனால் அது நீங்கள் பாயசம் வைத்த நாளில் எல்லாரும் மனத்தில் எண்ணியிருந்த வழியாக இருக்காது. கோல் அடிக்கும் ஆட்டக்காரனாக அவன் மேலே போவான் என்று இப்போது சொல்வதற்கில்லை. கோல் விழாமல் காக்கும் ஆட்டக்காரனாகப் போகலாம். உங்கள் மகள் சொன்ன இரண்டு செய்திகளும் நல்ல செய்திகளே, அதிலும் இரண்டாவது செய்தியை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

முதலில் இடத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். டிராஃப்ட் என்பது ஆண்டுதோறும் அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களின் உரிமையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. என்.எச்.எல்.லில் 32 அணிகள், ஏழு சுற்றுகள், ஆக ஆண்டுக்கு 224 பேர். ஓர் அணியின் பட்டியலில் இருக்கக்கூடியவர்கள் 23 பேர். எல்லா அணிகளையும் கூட்டினால் 736 இடங்கள். மூன்றே ஆண்டுகளின் டிராஃப்ட் அதை ஏறக்குறைய நிரப்பிவிடும், ஆனால் அந்த இடங்களில் ஏற்கெனவே பத்து, பதினைந்து ஆண்டுகளாக ஆடிக்கொண்டிருப்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நிலையான இடம் பிடிப்பதில்லை. எந்தச் சுற்றில் எடுத்தார்கள் என்பது தொடக்கத்தில் கதவைத் திறந்துவிடும், சற்றுக் கூடுதலாகப் பொறுமையும் வாங்கித் தரும். அதற்குமேல் அதற்கு விலை இல்லை. 2003ஆம் ஆண்டு டிராஃப்டில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் 12ஆவதாக எடுத்த ஹியூ ஜெஸ்ஸிமன் மொத்தம் இரண்டு என்.எச்.எல். ஆட்டங்கள்தான் ஆடினார், அதே டிராஃப்டில் 205ஆவதாக எடுக்கப்பட்ட ஜோ பாவெல்ஸ்கி 1,300க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி முடித்தார்.

செப்டம்பரில் முதல் கழிப்பிலேயே அனுப்பிவிட்டார்கள் என்று வருந்துகிறீர்கள். அந்த வருத்தத்தில் பாதியை இறக்கி வைத்துவிடலாம். அங்கே 'வேவர்ஸ்' என்று ஒரு விதி உண்டு. அனுபவமுள்ள ஓர் ஆட்டக்காரரைக் கீழ் அணிக்கு அனுப்ப வேண்டுமானால், அதற்குமுன் 24 மணி நேரம் மற்ற 31 அணிகளின் முன்னும் அவரை வைக்க வேண்டும்; வேண்டியவர்கள் ஒன்றும் கொடுக்காமல் அள்ளிக்கொண்டு போகலாம். இளம் ஆட்டக்காரர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. பதினெட்டு வயதில் கையெழுத்திட்டவருக்கு ஐந்து பருவம், பத்தொன்பதில் கையெழுத்திட்டவருக்கு நான்கு பருவம், அல்லது 160 ஆட்டம், எது முந்துகிறதோ அதுவரை. ஆகவே பட்டியலின் கடைசி இடத்துக்கு உங்கள் பையனும் இருபத்தேழு வயது ஆட்டக்காரர் ஒருவரும் ஏறக்குறையச் சமமாக இருந்தால், மேலாளர் மூத்தவரை வைத்துக்கொண்டு இளையவனைத்தான் கீழே அனுப்புவார். மூத்தவரை இழக்கும் அபாயம் உண்டு, இளையவனை இழக்கும் அபாயம் இல்லை. முகாமில் நடக்கும் கழிப்பில் திறமை ஒரு பாதி என்றால் இந்தக் கணக்கு மறுபாதி. நீங்கள் தந்த வயதைப் பார்த்தால் அவனுக்கு அடுத்த பருவமும் இந்த விலக்கு இருக்கும். அதற்கு அடுத்த செப்டம்பரில் இருக்காது. அந்தச் செப்டம்பரில்தான் அணி அவனை வைத்துக்கொள்வதா விடுவதா என்று உண்மையாகவே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

நவம்பரில் ஐந்து ஆட்டம் உட்காரவைத்ததை மட்டும் அவ்வளவு எளிதாகத் தள்ள மாட்டேன். ஏ.எச்.எல். இளையவர்களை வளர்ப்பதற்கென்றே நடக்கும் போட்டி. ஓர் ஆட்டத்தில் இறங்கும் 18 ஆட்டக்காரர்களில், கோல்காப்பாளர்கள் நீங்கலாக, குறைந்தது 13 பேர் தொழில்முறை அனுபவம் குறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்திலேயே இரண்டாம் சுற்றுப் பிள்ளை ஒருவனை வெளியே வைத்தார்கள் என்றால், பயிற்சியாளர் அவனிடம் எதையோ கேட்டிருக்கிறார், அது அவருக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் அது கோல் அல்ல. பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) கையிலில்லாதபோது திரும்பி ஓடி வருவது, சுவரோரத்தில் மல்லுக்கு நின்று பக்கை மீட்பது, எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைக் கடக்கும் இடத்தில் வித்தை காட்டாமல் பக்கை உள்ளே தள்ளிவிடுவது ஆகியவைதான். ஜூனியர் ஆட்டத்தில் கோலாக அடித்துக் குவித்த பிள்ளைகளுக்கு இவற்றை யாரும் கட்டாயமாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். வளர்ந்த ஆண்களோடு ஆடத் தொடங்கிய பிறகுதான் இந்தக் குறை வெளியே தெரியும்.

உட்காரவைத்த அதே பயிற்சியாளர் டிசம்பரில் அவனைப் பெனால்டி கில்லில் இறக்கினார் என்பதை அதனோடு சேர்த்துப் படியுங்கள். தண்டனையால் ஓர் ஆள் வெளியே போய், நான்கு பேராக நின்று ஐந்து பேரைத் தடுக்க வேண்டிய அந்த இரண்டு நிமிடங்களில், நம்பிக்கை இல்லாதவரை எந்தப் பயிற்சியாளரும் இறக்க மாட்டார். கேட்டதை அவன் கொடுத்திருக்கிறான். உங்களுக்கு விளங்காத அந்தச் செய்தியைத்தான் மேல் அணியின் மேலாளர் முதலில் பார்ப்பார், ஏனென்றால் மேலே காலியாகக்கூடிய இடம் முன்னணி வரிசையில் இல்லை. நான்காம் வரிசையின், அதாவது மாறிமாறி இறங்கும் நான்கு தாக்குதல் குழுக்களில் கடைசியின், ஓரத்தில்தான் இருக்கிறது. முதல் இரண்டு வரிசைகளில் பல கோடி வாங்கும் ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். ஓர் அணி மொத்தமாகச் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 2025-26 பருவத்தில் 95.5 மில்லியன் டாலர். அதில் பெரும்பகுதியைச் சிலர் எடுத்துக்கொண்ட பிறகு, மிச்ச இடங்களை ஒரு மில்லியனுக்கும் குறைந்த சம்பளத்தில் ஆடக்கூடியவர்களைக் கொண்டுதான் நிரப்பியாக வேண்டும். முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் உங்கள் பையனின் சம்பளம் அந்த அளவில்தான் இருக்கும், அது அவனுக்குச் சாதகம்.

கோல் கணக்கையும் ஒரு தடவை நிதானமாகப் பார்ப்போம். 80க்கு மேல் அடித்து 4 கோல் என்றால் நூற்றுக்கு ஐந்து. என்.எச்.எல்.லில் சராசரி நூற்றுக்குப் பத்தை ஒட்டி நிற்கும். இதே அடிகளுக்குச் சராசரியாக விழுந்திருந்தாலும் இப்போது எட்டு கோல் இருக்கும், நீங்களும் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். அடிப்பதே குறைந்துபோயிருந்தால் நான் கவலைப்படுவேன். அடித்து விழாமல் இருப்பது பாதி அதிர்ஷ்டம். தூரத்திலிருந்தே வீணாக அடித்துக்கொண்டிருக்கிறானா, வலைக்கு முன்னால் போய் அடிக்கிறானா என்பதை உங்கள் மகள் ஒளிபரப்பைப் பார்த்துச் சொல்லலாம்.

இதே நிலையிலிருந்து மேலே போனவர்கள் உண்டா என்று கேட்டால், இருவரைச் சொல்கிறேன். மேனி மல்ஹோத்ரா ஒன்டாரியோவின் மிஸ்ஸிஸாகாவில் பிறந்தவர், தந்தை இந்திய வம்சாவளியினர். 1998இல் ரேஞ்சர்ஸ் அவரை 7ஆவதாக எடுத்தது. எதிர்பார்த்த கோல்கள் வரவில்லை. டல்லாஸுக்கு மாற்றினார்கள்; 2003இல் அங்கும் வேண்டாம் என்று வேவர்ஸில் வைத்தபோது கொலம்பஸ் அணி எடுத்துக்கொண்டது. அதன்பின் அவர் தன்னை வேறு ஆட்டக்காரராக ஆக்கிக்கொண்டார். எதிரணியின் சிறந்த வரிசையைத் தடுப்பதும், ஆட்டம் தொடங்கும்போது நடுவர் போடும் பக்கைப் பறித்துத் தன் பக்கம் தள்ளும் ஃபேஸ் ஆஃபும் அவருடைய தொழிலாயின. ஒரு பருவத்திலும் 20 கோலைத் தொடாமலே 991 ஆட்டங்கள் ஆடினார். இன்னொருவர் வலேரி நிச்சுஷ்கின். 2013இல் டல்லாஸ் 10ஆவதாக எடுத்த அவர், 2018-19 பருவத்தில் 57 ஆட்டங்கள் ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அணி ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முறித்துக்கொண்டது. ஆனால் அவர் ஆடுகளத்தில் இருக்கும்போது எதிரணிக்கு வாய்ப்புகள் குறைகின்றன என்பதைக் கவனித்த கொலராடோ குறைந்த சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டது. தடுப்பு வேலையில் தொடங்கியவர் மெல்ல மேல் வரிசைக்கு ஏறி, 2022இல் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் முக்கிய ஆட்டக்காரராக இருந்தார்.

நம் ஊர்க்காரர்கள் இந்த இடத்தில் ஹஷிம் ஆம்லாவை நினைப்பார்கள். 2004இல் கொல்கத்தாவில் முதல் டெஸ்ட் ஆடி, சில ஆட்டங்களுக்குள் நீக்கப்பட்டு, 2006இல் கேப்டவுனில் 149 ரன் எடுத்துத் திரும்பி வந்த கதை டர்பனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த உதாரணம் இங்கே முழுதாகப் பொருந்தாது. ஆம்லா நீக்கப்பட்டதும் ரன்னுக்காக, திரும்பி வந்ததும் ரன்னால். உங்கள் பையன் எதற்காக டிராஃப்டில் எடுக்கப்பட்டானோ அதைக் கொண்டே திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; அப்படி வர முயன்றால் இடம் கிடைப்பது இன்னும் கடினம்.

ஐரோப்பா வேண்டாம், இப்போது வேண்டாம். முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். இருபது வயதில் தொழில்முறையில் நுழைந்தவனுக்கு அடுத்த பருவம்தான் அதன் கடைசி வருடம். அதுவரை அணியின் சம்மதமில்லாமல் அவன் போகவும் முடியாது. போனாலும், ஒப்பந்தம் முடியும்போது அணி முறைப்படி ஒரு சம்பள முன்மொழிவை வைத்துவிட்டால், என்.எச்.எல்.லில் அவன் உரிமை அதே அணியிடம்தான் இருக்கும். நிச்சுஷ்கினே இடையில் இரண்டு பருவம் மாஸ்கோவுக்குப் போய்விட்டுத் திரும்பியவர்தான். திரும்பிய வருடத்தில்தான் அந்தப் பூஜ்யம். நாட்டை மாற்றுவதைவிட அணியை மாற்றுவது சில சமயம் பலன் தரும். 2014இல் கால்கரி 4ஆவதாக எடுத்த சாம் பென்னட், டிராஃப்டுக்கு முந்தைய உடற்தகுதிச் சோதனையில் கம்பியைப் பிடித்துத் தொங்கி ஒரு தடவைகூட உடலை மேலே இழுக்க முடியாமல் பத்திரிகைகளின் கேலிக்கு ஆளானவர். கால்கரியில் ஆண்டுக்கணக்கில் சோபிக்கவில்லை. 2021இல் ஃபுளோரிடாவுக்கு மாற்றப்பட்டார், 2025 ஸ்டான்லி கோப்பை ஆட்டங்களின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதைப் பெற்றார். ஆனால் மாற்றம் கேட்கும் நிலையில் இப்போது உங்கள் பையன் இல்லை; ஒரு ஆட்டம்கூட மேலே ஆடாதவனுக்கு யாரும் நல்ல விலை தர மாட்டார்கள்.

என் கணிப்பைக் கேட்கிறீர்கள், சொல்கிறேன். இந்தப் பருவத்தில் அவனுக்கு நிலையான இடம் கிடைக்காது. மார்ச், ஏப்ரலில் மேலே காயங்கள் சேரும்போது இரண்டு மூன்று ஆட்டங்களுக்குக் கூப்பிடலாம். 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் பெரும்பாலான அணிகளுக்கு 23 பேர் போதுவதில்லை, 2026-27 முதல் அது 84 ஆட்டங்களாகிறது. அடுத்த செப்டம்பரில் அவன் முதல் கழிப்பைத் தாண்டிக் கடைசி வாரம் வரை முகாமில் இருந்தால், வழி திறந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். அடுத்த பருவம் முடியும்போதும் தடுப்பு வேலையில் முதல் ஆளாக இல்லாமல், கோலும் பத்துப் பன்னிரண்டில் நின்றால், ஐரோப்பாவைப் பற்றி அவன் மறுபடியும் கேட்கட்டும், அப்போது போகச் சொல்லுங்கள். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் நல்ல சம்பளத்தில் பத்து வருடம் ஆடலாம். அதுவரை உங்கள் மகள் தொலைபேசியில் 'இன்று கோல் உண்டா' என்று கேட்பதை நிறுத்தினால் அவனுக்கு உபகாரமாக இருக்கும். எத்தனை நிமிடம் ஆடினாய், யாருக்கு எதிரே இறக்கினார்கள் என்று கேட்கட்டும். நீங்களும் இரண்டு மணிக்கு எழ வேண்டியதில்லை, அம்மா. ஆட்டச் சுருக்கம் காலையிலும் அங்கேயேதான் இருக்கும்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் பிறந்த எவராவது இந்த டிராஃப்டில் எடுக்கப்பட்டதுண்டா? எடுக்கப்பட்டவர் உடனே தேறினாரா?
— டோங்காட் வாசகர் ஒருவர்

பதில்: ஓலாஃப் கோல்சிக். 1970இல் ஜொகானஸ்பர்க்கில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்து, கனடாவில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட கோல்காப்பாளர். 1989இல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அவரை முதல் சுற்றில், 19ஆவதாக எடுத்தது. உடனே தேறவில்லை, தேற எட்டு வருடம் ஆயிற்று. எடுத்த சூட்டோடு இரண்டு ஆட்டங்களில் இறக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் ஏ.எச்.எல்.லுக்கும் கீழே உள்ள ஈ.சி.எச்.எல். வரை இறங்கி ஆடினார். 1994இல் போர்ட்லாந்து அணி ஏ.எச்.எல்.லின் கால்டர் கோப்பையை வென்றபோது அவரே சிறந்த வீரர், ஆனாலும் மேலே முதல் இடம் கிடைக்கவில்லை. 1997-98 பருவத்தின் முதல் ஆட்டத்தில் மூத்த கோல்காப்பாளர் பில் ரான்ஃபர்டுக்குக் காயம் பட்டது. அன்று வலையில் நின்றவர், அந்தப் பருவத்திலேயே வாஷிங்டனை முதன்முறையாக ஸ்டான்லி கோப்பை இறுதிக்குக் கொண்டுசென்றார். 2000இல் சிறந்த கோல்காப்பாளருக்கான வெசினா விருதையும் பெற்றார். கோல்காப்பாளர்கள் தாமதமாகத்தான் முதிர்வார்கள், ஓர் அணியில் இடமும் இரண்டே இரண்டு. ஆகவே சாட்ஸ்வொர்த் அம்மையார் இதைப் படித்துவிட்டுத் தம் பையனுக்கும் எட்டு வருடம் காத்திருப்பார்கள் என்று கணக்குப் போட வேண்டாம். முன்னணியில் ஆடுபவனுக்கு அவ்வளவு அவகாசம் தருவதில்லை.

கேள்வி: டிராஃப்டில் யாருமே எடுக்காவிட்டால் கதை முடிந்ததா?
— ஃபீனிக்ஸ் மாணவர் ஒருவர்

பதில்: இல்லை, தம்பி. வயது வரம்பைத் தாண்டியும் எடுக்கப்படாதவர் எந்த அணியோடும் நேராக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மார்ட்டின் செயின்ட் லூயி அப்படி வந்து, கால்கரி வேண்டாம் என்று விட்ட பிறகு டாம்பா பே அணியில் 2004இல் ஸ்டான்லி கோப்பையும், அதே பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். அவ்வளவு உயரம் போகாத, ஆனால் அதிகம் பேருக்குப் பொருந்தக்கூடிய கதை அர்ஷ்தீப் பெய்ன்ஸுடையது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரேயைச் சேர்ந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை, யாரும் எடுக்கவில்லை. ஜூனியரில் தன் கடைசிப் பருவமான 2021-22இல், மேற்குப் போட்டியான டபிள்யூ.எச்.எல்.லில் புள்ளிகளைக் (கோலும், கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) குவித்துக்கொண்டிருந்தபோதுதான் வான்கூவர் கையெழுத்து வாங்கியது; 112 புள்ளிகளோடு முதலிடத்தில் அந்தப் பருவத்தை முடித்தார். 2024 பிப்ரவரியில் முதல் என்.எச்.எல். ஆட்டம். மறுபடியும் கீழே, மறுபடியும் மேலே என்று போய் வந்துகொண்டிருந்தவர், 2025இல் அபாட்ஸ்ஃபர்ட் அணி கால்டர் கோப்பையை வென்றபோது அதில் இருந்தார். அப்போது அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், மேலே சொன்ன மேனி மல்ஹோத்ராதான்.